வானில் நிறுத்திய எஞ்சின்: சரஸ் விமானத்தின் கதை

சென்ற முறை நம் சங்கத்தார் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தபோது, ஆற்றங்கரைப் பாறையில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, சின்ன விமானம் கிளம்பின உடனே எஞ்சின் நின்னு போச்சுன்னா என்ன செய்வாங்க?" சாப்பிடுற நேரத்தில் கேட்கிற கேள்வியா! அன்று சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஒற்றை எஞ்சின் என்றால் மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் காப்பாற்றி, எதிரே தெரிகிற வெட்டவெளியில் இறங்க வேண்டியதுதான். ஓடுபாதைக்கே திரும்பப் பார்த்து உயிரை விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. இரட்டை எஞ்சினில் மற்றது தாங்கும். நின்றதை வானிலேயே மறுபடி கிளப்ப முடியும் என்றும் நிரூபிக்கணும். அதற்கு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பார்கள்.

பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வுக்கூடம் வடிவமைத்த 14 இருக்கை இலகு ரக விமானமான சரஸ், 2004 மே 29 அன்று முதலில் பறந்தது. அதன் இரண்டாவது மாதிரி 2009 மார்ச் 6 அன்று பெங்களூரிலிருந்து கிளம்பி, சுமார் 9,000 அடியில் இந்தச் சோதனையைத் தொடங்கியது. 9,000 என்பது கடல்மட்டக் கணக்கு. அந்த ஊர்த் தரையே ஏறக்குறைய 3,000 அடி உயரம். கையில் இருந்தது 6,000தான்.

நிறுத்திய எஞ்சினின் ப்ரொப்பெல்லர் இதழ்கள் காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். மறுபடி கிளப்பும்போது அவை தட்டையாகத் திரும்பிச் சுழன்றால், முழு வட்டமும் தாம்பாளம் மாதிரி காற்றை மறிக்கும். அதுவும் ஒரு பக்கம் மட்டும்! முதல் முயற்சியில் எஞ்சின் பிடிக்கவில்லை. சோதனையைக் கைவிடவும் இல்லை. மளமளவென்று உயரம் இழந்து, பிடதி அருகே சேஷகிரிஹள்ளியில் விழுந்தது. விங் கமாண்டர்கள் பிரவீண் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா மூவரும் இறந்தார்கள்.

விமானிகள் பக்கமும் குறை உண்டு என்றது விசாரணை. ஆனால் முதல் காரணமாகச் சொன்னது, வடிவமைத்தவர்கள் வகுத்த செய்முறையே தவறு, அதைப் போதாத உயரத்தில் செய்தார்கள் என்பதைத்தான். அந்தச் செய்முறையை எழுதும்போது ப்ரொப்பெல்லர் தயாரித்தவர்களைக் கலந்துகொள்ளவில்லை என்றும் பதிவு செய்தது. தொழிற்சாலையில் இயக்கமுறை எழுதுகிற எனக்கு அந்த வரிதான் நெஞ்சில் தைத்தது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாமே!

முதல் மாதிரியை மாற்றியமைத்து, 2018 ஜனவரி 24 அன்று சரஸை மறுபடி பறக்கவிட்டார்கள்.