மார்ஜரீஸ் சீட்லிங் (பிளம்ஸ் வகை)

மார்ஜரீஸ் சீட்லிங் பருவக் கடைசியில் பழுக்கும் இங்கிலாந்து பிளம்ஸ் வகை; புரூனஸ் டொமஸ்டிகா என்ற ஐரோப்பிய இனத்தைச் சேர்ந்தது. பக்கிங்காம்ஷயரின் பீக்கன்ஸ்ஃபீல்டில் 1912-இல் தானாக முளைத்த கன்றாகக் கண்டெடுக்கப்பட்டது.

பழம்: பரவலாக வளர்க்கப்படும் விக்டோரியா வகை ஓய்ந்த பின், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பழுக்கும். கருநீலத் தோல்மேல் சாம்பல் பூத்தாற்போல் மெழுகுப் படலம் இருக்கும். கட்டைவிரலால் துடைத்தால் தோல் பளபளக்கும். சதை மஞ்சள். முன்கூட்டிப் பறித்தால் புளிக்கும், ஜாமுக்கு ஆகும். மரத்திலேயே கனியவிட்டால் அப்படியே உண்ணத் தித்திக்கும். பொறுத்திருப்பவருக்கே இதன் முழுச் சுவை கிட்டும்.

வளர்ப்பு: தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு மரம் போதும். வெயில் படும், நீர் தேங்காத இடம் வேண்டும். செயின்ட் ஜூலியன் ஏ வேர்க்கன்றில் ஒட்டிய மரம் நடுத்தர உயரத்தில் நிற்கும்; பிக்ஸியில் ஒட்டியது இன்னும் குட்டையாக இருக்கும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கோடைத் தொடக்கத்தில் பிஞ்சுகளைக் கலைத்து, பழத்துக்குப் பழம் 5 முதல் 8 செ.மீ. இடைவெளி விட வேண்டும். இல்லையெனில் பாரம் தாங்காமல் கிளை முறியும். காய்த்துத் தாழ்ந்த கிளைக்கு முட்டுக் கொடுப்பது நல்லது.

கவாத்து: கோடையில் மட்டுமே செய்ய வேண்டும். ஈரமான குளிர்காலத்தில் வெட்டினால், காயத்தின் வழியே வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை நுழைந்து மரத்தையே கொல்லக்கூடும்.