டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் கலப்புத் தூள்

டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் கலப்புத் தூள் என்பது டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான சேர்மத்தின் நுண்மணிகளையும், அவற்றைப் பிணைக்கும் கோபால்ட் உலோகத்தையும் கொண்ட தொழிற்துறைத் தூள் ஆகும். இதனை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டுப் பெறப்படும் பொருள் வன்உலோகம் எனப்படுகின்றது. லேத் பட்டறைகளில் 'கார்பைடு டிப்' எனவும், ஆழ்துளைக் கிணறு அமைப்போரிடையே துளைமுனையின் 'பட்டன்' எனவும் அறியப்படுவது இதுவே. கடினமும் எளிதில் உடையாத்தன்மையும் ஒருங்கே அமைவது இக்கலவையின் சிறப்பு. தனித்தனிக் கூறுகளைவிட நுரையீரலுக்குக் கூடுதல் தீங்கு விளைவிப்பதும் இதே கலவையாகும்.

வரலாறு

மின்விளக்குகளுக்கான டங்ஸ்டன் இழையை இழுப்பதற்கு வைர அச்சுகள் தேவைப்பட்டன. அவற்றிற்கு மாற்றுத் தேடிய பெர்லின் ஒஸ்ராம் நிறுவனத்தில், கார்ல் ஷ்ரோட்டர் கார்பைடையும் கோபால்ட்டையும் இணைக்கும் முறையைக் கண்டறிந்தார். இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1923 இல் அளிக்கப்பட்டது. குருப் நிறுவனம் 1926 இல் இதனை 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 'வைரத்தைப் போன்றது' எனப் பொருள்படும் ஜெர்மானியத் தொடரின் சுருக்கமே இப்பெயர். இந்தியாவில் விடியா இந்தியா நிறுவனம் 1964 இல் தொடங்கப்பட்டது. பெங்களூரில் இயங்கும் இந்நிறுவனம் பின்னர் கென்னாமெட்டல் இந்தியா எனப் பெயர் மாறியது.

பண்புகள்

* டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி: கன செ.மீ.க்குச் சுமார் 15.6 கிராம். இது இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.
* டங்ஸ்டன் கார்பைடின் உருகுநிலை: சுமார் 2,870 பாகை செல்சியஸ்.
* டங்ஸ்டன் கார்பைடில் கரிமத்தின் பங்கு: எடையில் 6.13 விழுக்காடு.
* கோபால்ட்டின் அடர்த்தி: கன செ.மீ.க்குச் சுமார் 8.9 கிராம்.
* கோபால்ட்டின் உருகுநிலை: 1,495 பாகை செல்சியஸ்.

கோபால்ட்டின் அளவு கூடினால் பொருள் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் கடினம் குறையும். கார்பைடு மணிகள் நுண்ணியவையானால் கடினம் கூடும். எனவே உலோகம் சீவும் கருவிகளுக்கு நுண்மணித் தூளும், பாறை துளைக்கும் கருவிகளுக்குக் கரடான மணித் தூளும் பயன்படுகின்றன.

தயாரிப்பு

டங்ஸ்டன் தூளைக் கரித்தூளுடன் சேர்த்து உயர் வெப்பத்தில் சூடாக்கிக் கார்பைடு பெறப்படுகின்றது. இதனுடன் கோபால்ட்டையும் சிறிது மெழுகையும் சேர்த்து, எரிசாராயம் போன்ற நீர்மத்தில் ஈரமாக அரைக்கின்றனர். பின்னர் தெளித்து உலர்த்திச் சிறு உருண்டைகளாக்குவர். கலவை அச்சுக்குள் சீராகப் பாய்வதற்கும், எடை வேறுபாட்டால் கூறுகள் பிரியாதிருப்பதற்கும் இது உதவுகின்றது. அழுத்தி உருவாக்கிய வடிவம் 1,350 முதல் 1,500 பாகை வரை சுடப்படும்போது கோபால்ட் கட்டம் உருகி மணிகளைப் பிணைக்கின்றது. அப்போது நீளத்தில் சுமார் 17 முதல் 20 விழுக்காடு சுருக்கம் ஏற்படும். அச்சுகள் இதனைக் கணக்கிட்டே செய்யப்படுகின்றன.

சேமிப்பும் கையாளுதலும்

தூளின் தரம் அதன் கரிம அளவைப் பொறுத்தது. ஈரமும் ஆக்சிசனும் தூளில் ஏறினால், சுடும்போது அவை கரிமத்தைக் கவர்ந்து வெளியேறும். கரிமம் குறைந்தால் நொறுங்கும் தன்மையுள்ள வேறொரு கட்டம் உருவாகும். மிகுந்தால் கிராஃபைட்டாகப் பிரிந்து நிற்கும். இரண்டும் கருவியை வலுவிழக்கச் செய்வன. ஆகவே தூளைக் காற்றுப்புகாக் கலன்களில், உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். சிறிய கலனும் மிகுந்த எடை உடையது என்பதால் தூக்குவதில் கவனம் தேவை.

நுண்ணிய கோபால்ட் தூளும், அரைக்கப் பயன்படும் நீர்மங்களின் ஆவியும் தீப்பற்றக் கூடியவை. எரியும் உலோகத் தூளின் மீது நீரைப் பாய்ச்சலாகாது. உலர் மணல் அல்லது உலோகத் தீக்குரிய அணைப்பான் பயன்படுத்தப்படுகின்றது.

உடல்நலத் தீங்கு

கோபால்ட்டும் கார்பைடும் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில், கோபால்ட்டின் எதிர்மின்னிகள் கார்பைடு மணியின் வழியே ஆக்சிசனைச் சென்றடைகின்றன. இவ்வாறு உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் வகைகள் நுரையீரல் திசுவைத் தாக்குகின்றன. நீண்டகாலம் இத்தூசியை மூச்சிழுப்போரில் சிலருக்கு ஆஸ்துமாவும், நுரையீரல் தழும்பேறும் 'வன்உலோக நுரையீரல் நோயும்' உண்டாகின்றன. பணி நாட்களில் கூடி விடுமுறையில் தணியும் இருமலும் மூச்சிறைப்பும் முக்கிய அறிகுறிகள். தோலில் ஒவ்வாமையும் ஏற்படலாம். சிறுநீரில் கோபால்ட்டை அளந்து, தொழிலாளர் உட்கொண்ட அளவை மதிப்பிடலாம்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006 இல் வெளியிட்ட தொகுப்பில், டங்ஸ்டன் கார்பைடுடன் கூடிய கோபால்ட்டை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு மிகுந்த 2ஏ பிரிவில் சேர்த்தது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகளின்படி, எட்டு மணி நேரப் பணியில் காற்றிலுள்ள கோபால்ட்டின் சராசரி, கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது.

தூசி எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல் முதன்மையான பாதுகாப்பு. பொருத்தமான வடிகட்டியுள்ள மூச்சுக்கவசம் அதற்குத் துணை மட்டுமே; முகத்தில் கட்டும் துண்டு போதுமானதன்று. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குதலும், காற்றுக்குழாயால் உடையை ஊதுதலும் தவிர்க்கப்பட வேண்டும். ஈரமாகச் சாணை பிடித்தாலும் கோபால்ட் குளிர்விப்பு நீர்மத்தில் கரைந்து, துளிகளாகக் காற்றில் கலக்கும். ஆகையால் அந்நீர்மத்தை உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் பயன்பாடு

நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. இங்கிருந்து செல்லும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பணிபுரிகின்றன. அழுத்தக் காற்றால் இயங்கும் சுத்தியலின் முனையில், எஃகு உடலில் பதித்த வன்உலோகப் பட்டன்களே கடினப் பாறையை நொறுக்குகின்றன. துளையிடும் இடத்தில் முதன்மையான இடர் பாறைத் தூசியிலுள்ள சிலிக்கா ஆகும். தேய்ந்த பட்டன்களைச் சாணை பிடிக்கும் பட்டறையிலோ கோபால்ட்-கார்பைடு தூசி எழுகின்றது. முழுமையாகச் சுட்ட கருவியைக் கையாளுவதில் இவ்வகை இடர் மிகக் குறைவு. அதைத் தேய்க்கும்போது மீண்டும் தூளின் இடர் தோன்றுகின்றது.

மூலப்பொருளும் மீள்சுழற்சியும்

இந்தியா தனக்குத் தேவையான டங்ஸ்டனுக்குப் பெரிதும் இறக்குமதியைச் சார்ந்துள்ளது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கான ஏலத்தில், 2024 நவம்பரில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானது. 2022 இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் இத்தொகுதிக்குள் அடங்கியதால் மக்கள் போராடினர். தமிழ்நாடு சட்டப்பேரவை 2024 திசம்பர் 9 அன்று எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் நடுவண் அரசு ஏலத்தை நீக்கியது.

தேய்ந்த கார்பைடு முனைகள் எடைக்கு விலைபோகின்றன. உருகிய துத்தநாகத்தில் அவற்றை இட்டுப் பிணைப்பைக் குலைத்து, பின் துத்தநாகத்தை ஆவியாக்கி நீக்கினால், கார்பைடும் கோபால்ட்டும் மீண்டும் தூளாகக் கிடைக்கின்றன. இத்தூளுக்கும் மேற்கூறிய பாதுகாப்பு முறைகள் அனைத்தும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* டங்ஸ்டன்
* கோபால்ட்
* தூள் உலோகவியல்
* சிலிக்கோசிஸ்