பாண் வந்த வழி

இலங்கை கோதுமை விளையும் நாடன்று. எனினும் பாணும் கோதுமை மாப் புட்டும் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. பாண் என்னும் சொல்லைப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். அந்த உணவை வீடுதோறும் கொணர்ந்தது பிற்காலத்துப் போரேயாகும்.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். நாம் உண்ட அரிசியில் பெரும்பகுதி அங்கிருந்தே கப்பலேறி வந்தது. வரத்து நின்றதும் கூப்பனில் அரிசி குறைந்தது. அவ்விடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. நம் பெண்கள் அதனை அவித்து, அரித்து, இடியப்பமாக்கினர். நாவின் விருப்பத்தால் நேர்ந்த மாற்றமன்று இது. அரிசி எத்துணை உயிர்நிலையான பொருளென்பதை 1953 காட்டிற்று. கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயரவே, ஆகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் கோதுமை மா நிலைத்தே விட்டது.

இதற்கு ஒரு மறுபுறமும் உண்டு. அரிசி மா வேண்டுமெனின் நெல்லைக் குற்றிப் புடைத்து, அரிசியை ஊறவிட்டு, இடித்து, அரித்து, வறுத்தல் வேண்டும். உரலடியில் இருவர் மாறிமாறி உலக்கை போடுவர். மாப்பையை அவிழ்த்தால் அவ்வளவும் மிச்சம். அவ்வுழைப்பு முழுதும் பெண்களுடையது. ஆதலால் உலக்கை போயிற்றே என்று வருந்தும் ஆடவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் உடலுழைப்புக் குறைந்த அளவுக்கு நாம் உண்பது குறையவில்லையே!

2022இல் அந்நியச் செலாவணி வறண்டு பாணின் விலை ஏறியபோது, எவர் வீட்டில் உரல் உண்டு என்று வகுப்பிற் கேட்டேன். ஒரு சிறுமி மட்டும் எழுந்தாள். அதில் கோழிகளுக்குத் தண்ணீர் வைப்பதாகச் சொன்னாள்.