இடுப்பு வலியும் உடனிருக்கும் நோய்களும்

இடுப்பு வலி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு வராவிட்டாலும் வீட்டில் யாருக்காவது வந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் இரண்டு வாரம் முனகிவிட்டுப் பழையபடி வேலைக்குப் போய்விடுகிறார். அதே வலி வந்த இன்னொருவரோ மாதக் கணக்கில் படுத்த படுக்கையாகிவிடுகிறார். ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு விடை தேடிய மருத்துவர்கள் நெடுங்காலம் முதுகெலும்பை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தனர். அதற்குக் காரணமும் இருந்தது. 1934-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்திருக்கும் தட்டு கிழிந்து பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தக்கூடும் என்பதே அது. அதுவரை இப்பிதுக்கங்கள் பலவற்றைக் கட்டிகள் என்றே எண்ணியிருந்தனர். அருமையான கண்டுபிடிப்புதான், ஐயமில்லை. ஆனால் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலிக்குச் சொன்ன விளக்கம், நாளடைவில் எல்லா இடுப்பு வலிக்கும் விளக்கமாகிவிட்டது. தட்டு கெட்டால் வலி. அதைச் சரிசெய்ய ஓய்வு, இல்லையேல் கத்தி!

இந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தது 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே! மறு ஆண்டே பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் நடந்த ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே விரைவில் தேறினர்.

அப்படியானால் ஒருவரை முடக்குவது எது? இதற்கு உதவும் ஒரு சொல் முன்னரே பிறந்திருந்தது. 1970-இல் ஆல்வன் ஃபைன்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் உடன்நோய் என்னும் கருத்துக்குப் பெயரிட்டார். ஒரு நோயை ஆராயும்போது நோயாளிக்கு வேறு என்னென்ன நோய்கள் இருக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ளாவிட்டால் முடிவு பிழைபடும் என்றார். இவர் மருத்துவம் பயிலுமுன் கணிதம் படித்தவர். கணக்கில் விடுபட்டது அவர் கண்ணுக்குப் பட்டதில் வியப்பில்லை.

இடுப்பு வலிக்கு இது எப்படிப் பொருந்தும்? வலி தணியப் பெரும்பாலும் நடக்கச் சொல்கிறார்கள். முழங்கால் மூட்டு தேய்ந்தவர் எப்படி நடப்பார்? இதயமோ நுரையீரலோ நலிந்தவருக்குப் பத்தடியில் மூச்சு வாங்குகிறது. நடக்காததால் தசைகள் தளர்கின்றன. தளர்ந்த தசையோடு மறுபடி எழுவது இன்னும் கடினமாகிறது. சரி, மாத்திரை போடலாமே என்றால், ஐபுபுரூஃபன் போன்ற வலிமருந்துகள் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் வயிற்றுப் புண் உள்ளவருக்கும் ஆகாதவை. உறக்கம் கெட்டால் வலி கூடுதலாக உறைக்கும். வலி கூடினால் உறக்கம் கெடும். மனச்சோர்வு வந்துவிட்டாலோ, எழுந்து நடமாட வேண்டும் என்ற எண்ணமே குன்றிவிடும். ஆகவே தட்டு இருவருக்கும் ஒரே அளவு பிதுங்கியிருந்தாலும் முடக்கம் ஒரே அளவாக இருப்பதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர எலும்பு மருத்துவர் கோர்டன் வாடெல் 1987-இல் இதை வலியுறுத்தினார். வலி வேறு, முடக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சிகிச்சை செய்வதே தவறு என்பது அவர் வாதம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். முடக்கத்தை அளக்க லண்டனில் மார்ட்டின் ரோலண்ட், ரிச்சர்ட் மாரிஸ் என்போர் 1983-இல் 24 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டனர். மெதுவாக நடக்கிறேன், சரியாக உறங்கவில்லை என்பன போன்றவற்றில் தமக்குப் பொருந்துவதை நோயாளி குறிக்க வேண்டும். இந்த 24-ம் எல்லா நோய்களுக்கும் பொதுவான 136 வாக்கியங்கள் கொண்ட ஓர் அமெரிக்கப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. முதுகினால் என்ற பொருள்படும் சொற்றொடரை மட்டும் புதிதாகச் சேர்த்தார்கள்! முதுகும் வலித்து, முழங்காலும் தேய்ந்து, மூச்சும் வாங்கும் ஒரு முதியவர், தம் மெதுநடையில் முதுகின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்துச் சொல்வார்? வினாத்தாள் இன்றும் பயனுள்ளதே. ஆயினும் அதன் எண்ணிக்கையைப் படிக்கும்போது இதை மறக்கலாகாது.

உடன்நோய்களை எண்ணும் முறைகளும் வந்தன. 1987-இல் அமெரிக்க மருத்துவர் மேரி சார்ல்சன் 19 நோய்நிலைகளுக்கு மதிப்பெண் இட்டு ஓர் அட்டவணை வகுத்தார். ஆனால் அது மரண வாய்ப்பைக் கணிக்க வகுத்தது. மூட்டுத் தேய்வும் மனச்சோர்வும் அதில் இல்லை. உயிரை வாங்கும் நோய்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, எழுந்து நடக்க விடாத நோய்களைத் தேட முடியுமா?

இக்குறையை நீக்க, 2005-இல் டயான் குரோல் என்ற கனடிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உடலியக்கத்தை அளவுகோலாகக் கொண்டு வேறு பட்டியல் தந்தனர். அதில் 18 நிலைகள் உள்ளன. மூட்டுவாதம், நீரிழிவு, ஆஸ்துமா, மனச்சோர்வு, உடற்பருமன் எல்லாம் இருக்கின்றன. பார்வைக் குறைவும் காது மந்தமும்கூட இடம் பெற்றுள்ளன. அவற்றுக்கு நடுவே, மற்றவற்றைப் போலவே ஒரே ஒரு மதிப்பெண்ணுடன், முதுகுத் தட்டின் தேய்வும் இருக்கிறது.