ஏணியும் இரவல் சின்னமும்

மக்களவையின் ஏடுகளில் ஒவ்வோர் உறுப்பினரின் பெயருக்கு எதிரிலும் ஒரு கட்சியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். வெற்றி மாலைகள் வாடிய பிறகு அந்தப் பத்தியை ஏறெடுத்துப் பார்ப்பவர் அரிது. ஆயினும் அவையில் ஓர் உறுப்பினருக்கு எத்தனை மணித்துளி கிடைக்கும், யாருடைய கட்டளைப்படி அவர் வாக்களிக்க வேண்டும், மீறினால் பதவி நிலைக்குமா என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பது அந்தச் சிறு பத்தியே. தமிழகத்து முஸ்லிம்கள் மக்களவைக்குச் சென்ற வரலாற்றை அதன் வழியே படித்துப் பார்க்க விழைகிறோம்.

வெள்ளையர் ஆட்சியில் இந்தக் கேள்வி எழவில்லை. 1909-ஆம் ஆண்டின் மின்டோ-மார்லி சீர்திருத்தம் முதற்கொண்டு முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளரே தேர்ந்தெடுத்தனர். 1946-இல் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த பேட்டை முஹம்மது இஸ்மாயில் சாகிபும் அம்முறையில் வென்றவரே. நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்டு மாதத்தில், மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் தனி வாக்காளர் முறை நீடிக்க வேண்டுமென அரசியல் நிர்ணய சபையில் வாதாடினார். அது தள்ளப்பட்டது. பொது வாக்காளர் முறையில் சில இடங்களை ஒதுக்கித் தருவது என்ற ஏற்பாடு மட்டும் எஞ்சியது. 1949 மே மாதத்தில் அதுவும் போயிற்று.

அந்த மே மாத விவாதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஒதுக்கீட்டை நீக்கும் பரிந்துரை சபைக்கு வந்தபோது, காயிதே மில்லத் அவர்கள் அதைத் தக்கவைக்கத் திருத்தம் கொணர்ந்தார்கள். எதிர்த்து எழுந்தவர்களில் முஸ்லிம்களே இருந்தார்கள். ஐக்கிய மாகாணத்தின் பேகம் ஐசாஸ் ரசூல் அவர்களும் பீகாரின் தஜம்முல் ஹுசைன் அவர்களும், ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும் என்று வாதிட்டனர். சர்தார் படேல் அவர்களின் பதிலுரைக்குப் பின் திருத்தம் தோற்றது. அன்று தோற்றவர்களைப் பிடிவாதக்காரர் என்று எழுதுவோர் உண்டு. எதிர்த்தவர்களைச் சமுதாயத் துரோகிகள் என்று ஏசுவோரும் உண்டு. இரண்டும் அடாது என்பது நம் கருத்து. பொது நீரோட்டத்தில் கலந்தால் கரையேறலாம் என்று ஒரு சாரார் நம்பினர். கலந்தபின் நம் குரல் கேட்குமா என்று மறு சாரார் ஐயுற்றனர். பின்னர் நடந்தவற்றில் இரு சாராருக்கும் சான்று கிடைக்கிறது.

ஒதுக்கீடு நீங்கியதும் மூன்று வழிகள் எஞ்சின. பெரிய கட்சியொன்றில் சேர்ந்து அதன் வேட்பாளராக நிற்கலாம். நம் மக்கள் செறிந்து வாழும் ஊரில் சொந்தக் கட்சியின் பெயரால் நிற்கலாம். சொந்தக் கட்சியில் இருந்துகொண்டே தோழமைக் கட்சியின் சின்னத்தை இரவல் வாங்கலாம். தமிழகத்தார் இம்மூன்றிலும் நடந்து பார்த்திருக்கிறார்கள்.

சொந்தக் கட்சி என்பதே அன்று கேள்விக்குறியாக இருந்தது. 1947 டிசம்பரில் லக்னோவில் மௌலானா ஆஸாத் அவர்கள் கூட்டிய மாநாடு, வகுப்புக் கட்சிகளைக் கலைத்துவிடுமாறு கேட்டுக்கொண்டது. அதே மாதம் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், இந்தியப் பகுதிக்கு முஹம்மது இஸ்மாயில் அவர்களை அமைப்பாளராக நியமித்தது. 1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. வடநாட்டில் லீக் கொடி ஏறக்குறைய மறைந்த காலத்தில் தென்னாட்டில் அது நின்றது.

நின்றதே ஒழிய, தமிழ் மண்ணில் மக்களவைக்குப் போதிய வலு அதற்கு இல்லை. நம் மக்கள் காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாணியம்பாடியிலும் சிதறி வாழ்கிறார்கள். ஒரு நகரத்தில் பெரும்பான்மையாய் இருப்பவர்கள் பல லட்சம் வாக்குகள் கொண்ட நாடாளுமன்றத் தொகுதியில் சிறு துளியாகிவிடுகிறார்கள். மலபாரின் ஏறநாட்டில் நிலைமை வேறு. போக்கர் சாகிப் அங்கிருந்து 1952-இலும் 1957-இலும் மக்களவைக்குச் சென்றார். அதன்பின் மஞ்சேரித் தொகுதி, மாநிலங்களவையில் 1958 வரை இருந்துவிட்டிருந்த காயிதே மில்லத் அவர்களை ஏற்றுக்கொண்டது. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில், மலையாளம் தாய்மொழியல்லாத ஒரு திருநெல்வேலிக்காரரை அந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குக் கேட்டு அவர் வீதிவீதியாய் அலையவில்லை என்று மலபாரில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். 1972 ஏப்ரல் 5-இல் அவர் மறைந்தபோதும் மஞ்சேரியின் உறுப்பினரே. தமிழகத்து முஸ்லிம்களின் தலைவர் கேரளக் கணக்கில் எழுதப்பட்டார்.

தமிழ் மண்ணிலிருந்து முதலில் அந்தத் தடையைத் தாண்டியவர் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் அவர்கள். 1967-இல் இராமநாதபுரத்தில் அவர் வென்றபோது, தி.மு.க. அணியின் துணை இருந்தும், ஏட்டில் பதிவானது 'சுயேச்சை' என்ற சொல்லே. 1971-இல் பெரியகுளத்தில் வென்றபோதுதான் முஸ்லிம் லீக் என்று பதிவாயிற்று. அவ்வாண்டு லீகின் உறுப்பினர் நால்வர்: மஞ்சேரியிலும் கோழிக்கோட்டிலும் இருவர், வங்காளத்து முர்ஷிதாபாத்தில் ஒருவர், பெரியகுளத்தில் இவர். 1974 ஜூலை 23-ஆம் நாள் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுக்கும் உடன்பாடு குறித்து அரசு மக்களவையில் அறிக்கை வைத்தபோது, இரா. செழியன், மூக்கையாத் தேவர் ஆகியோரைப் போன்று ஷெரீப் அவர்களும் எழுந்து எதிர்ப்பைப் பதிவு செய்தார். லீக் உறுப்பினர் என்றால் ஷரீஅத் பற்றி மட்டுமே பேசுவார் என்று எண்ணுவோர் அன்றைய நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அடுத்து வேலூர். 1980-இல் அங்கு வென்ற சிராஜுல் மில்லத் ஆ.கா.அ. அப்துல் சமது அவர்களும் ஏட்டில் சுயேச்சையே. 1989-இல் அதே தொகுதியில் காங்கிரஸ் சின்னத்தில் வென்றார். ஆள் ஒருவர்தாம், பத்தியில் இருந்த பெயர்தான் மாறியது.

இந்த மாற்றம் முன்பெல்லாம் பெயரளவிலேயே நின்றது. 1985-இல் வந்த 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கட்சித் தாவலைத் தடுக்கவென்று பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. அதன்படி ஓர் உறுப்பினர் தம்மை வேட்பாளராக நிறுத்திய கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். அந்தக் கட்சியின் கொறடா கட்டளையை மீறி வாக்களித்தால், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தாலொழிய, பதவியை இழக்க நேரிடும். இரவல் சின்னத்தில் சென்றவருக்கு மனம் ஒரு கட்சியில், வாக்கு வேறொரு கட்சியில் என்ற நிலை அன்றுமுதல் சட்டமாயிற்று.

சட்டம் வந்த அதே ஆண்டில் ஷாபானு வழக்கின் தீர்ப்பும் வந்தது. அப்போதைய மக்களவையில் லீகுக்கு இரண்டே உறுப்பினர்: மஞ்சேரியின் இப்ராஹீம் சுலைமான் சேட், பொன்னானியின் ஜி.எம். பனாத்வாலா. பனாத்வாலா அவர்கள் ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தார்கள். அதை எதிர்த்துத் தீர்ப்பை ஆதரித்துப் பேச, ஆளுங்கட்சி தன் அமைச்சர் ஆரிப் முஹம்மது கான் அவர்களை எழுப்பியது. சில மாதங்களில் அதே ஆளுங்கட்சி நிலைமாறி, 1986-இல் தானே ஒரு சட்டத்தை முன்வைத்தது. அமைச்சர் பதவி விலகினார். சட்டத்தின் நிறைகுறைகள் வேறொரு கட்டுரைக்குரியன. இருவர் மட்டுமே கொண்ட கட்சியின் உறுப்பினர் தம் கருத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை மாற்றாது சொல்ல முடிந்தது. நானூறு பேர் கொண்ட கட்சியின் அமைச்சர் தம் கருத்தைக் காக்கப் பதவியைத் துறக்க வேண்டியதாயிற்று. நாம் கவனிப்பது இதையே.

ஆனால் பெரிய கட்சியில் இருந்தோர் அனைவரும் வாய்மூடியிருந்தனர் என்று சொல்வது அநீதி. 2014-இல் இராமநாதபுரத்தில் வென்ற அ.தி.மு.க.வின் அன்வர் ராஜா அவர்கள் 2017 டிசம்பர் 28-ஆம் நாள் முத்தலாக் மசோதாவை எதிர்த்து மக்களவையில் முழங்கியதை மறந்துவிடலாகாது. கட்சியின் நிலையும் அன்று அவருக்கு இடம் கொடுத்தது.

இனி இரவல் சின்னத்தின் கதைக்குத் திரும்புவோம். 2004-இல் பேராசிரியர் கே.எம். காதர் முகைதீன் அவர்களும், 2009-இல் எம். அப்துல் ரஹ்மான் அவர்களும் வேலூரில் உதயசூரியன் சின்னத்தில் வென்றனர். இருவரும் லீகர்கள், மக்களவைக் கணக்கிலோ தி.மு.க. உறுப்பினர்கள். அக்காலத்தில் கேரளத்து லீக்கும் 'முஸ்லிம் லீக் கேரள மாநிலக் குழு' என்ற பெயரிலேயே பதிவாகியிருந்தது. ஆகவே 2009-இல் மலப்புறத்து இ. அஹமது, பொன்னானியின் இ.டி. முஹம்மது பஷீர், வேலூர் அப்துல் ரஹ்மான் என்று லீகின் மூவர் அவைக்குள் நுழைந்தும், இருவர் ஒரு பத்தியிலும் ஒருவர் வேறொரு பத்தியிலும் எழுதப்பட்டனர். கட்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டே பேசும் நேரத்தைப் பங்கிடும் அவையில், மூன்று இரண்டாகக் குறைவது சிறிய இழப்பன்று.

இரவல் வாங்கியதை நாம் பழிக்கவில்லை. உதயசூரியன் என்றால் எழுத்தறியாத மூதாட்டியும் அறிவார். புதிய சின்னத்தைச் சில வாரங்களுக்குள் கடற்கரைக் குப்பங்களிலும் உள்நாட்டுக் கிராமங்களிலும் கொண்டுசேர்ப்பது எத்தனை பெரிய பாடு என்பது தேர்தல் வேலை பார்த்தவர்களுக்கே தெரியும். தோழமைக் கட்சித் தொண்டரும் தம் சின்னத்திற்கு உழைக்கும் உற்சாகத்தோடு பிறர் சின்னத்திற்கு உழைப்பார் என்று உறுதி சொல்வதற்கில்லை.

2019-இல் அந்தத் துணிவு பிறந்தது. இராமநாதபுரத்தில் கே. நவாஸ் கனி அவர்கள் தி.மு.க. கூட்டணியில், ஆனால் லீகின் ஏணிச் சின்னத்தில் நின்று வென்றார். 2024-இல் அதே தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தோடு சுயேச்சையாக எதிர்த்து நின்றார். அதே பெயர் தாங்கிய வேறு பன்னீர்செல்வங்களும் களத்தில் இருந்ததால், சின்னத்தைப் பார்த்தே வாக்களிக்க வேண்டிய வேடிக்கையும் நேர்ந்தது. ஏணி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றது. மலப்புறமும் பொன்னானியும் இராமநாதபுரமும் அனுப்பிய மூவர், 2019-இலும் 2024-இலும், மக்களவை ஏட்டில் ஒரே பத்தியில் எழுதப்பட்டனர்.