அஜந்தா சுவரும் அம்மாயியின் மண் பொம்மையும்

பெயிண்ட் அடித்த பொம்மைக்கு மேட் வார்னிஷ் எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் விலையைச் சொல்வார். வரலாறு வேற பதில் சொல்லுது. அதுக்கு நாம அஜந்தா வரைக்கும் போயிட்டு வரணும். கவலைப்படாதீங்க, கடைசியில நம்ம ஊர் கொலுப்படிக்கே வந்துடலாம் :-)

அஜந்தா ஓவியங்கள் காய்ந்த மண் பூச்சின் மேல், பசை கலந்த நிறங்களால் தீட்டியவை. பளபளப்பே கிடையாது. 1872 முதல் 1885 வரை பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களோடு அவற்றைப் பிரதி எடுத்தார். மங்கிய நிறம் தெளிவாத் தெரியணுமே, அதுக்காக மூல ஓவியத்தின் மேலேயே வார்னிஷ் பூசினார்கள்.

பூசினதும் ஏன் பளிச்சுனு தெரியுது? ஆத்துல நனைஞ்ச கூழாங்கல்லை நினைச்சுக்கோங்க. காய்ந்த மேற்பரப்பு சொரசொரப்பானது. வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், நிறம் வெளுத்துத் தெரியும். தண்ணியோ வார்னிஷோ அந்தப் பள்ளங்களை நிரப்பினால் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகும். தண்ணி ஆவியாப் போயிடும், வார்னிஷ் காஞ்சாலும் அங்கேயே படலமா நின்னுடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து 1920-22. அஜந்தா அப்போது ஹைதராபாத் நிஜாம் அரசின் கீழ் இருந்தது. இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி, ஓர்சினி என்ற இரண்டு நிபுணர்களை வரவழைத்தார்கள். உதிர்ந்த இடங்களை ஒட்டிக் காப்பாற்றியது அவர்கள்தான், அதை மறுக்க முடியாது. கூடவே ஷெல்லாக் வார்னிஷும் பூசினார்கள். வருடங்கள் போகப் போக அது மஞ்சளாகி, பழுப்பாகி, தூசியையும் புகையையும் பிடித்துக்கொண்டது. புதுசா இருக்கும்போது ஸ்பிரிட்டில் சுலபமாகக் கரையும் ஷெல்லாக், பழசானால் லேசில் கரையாது. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அதை அங்குலம் அங்குலமாக எடுக்க வேண்டியிருந்தது.

இந்த ஷெல்லாக் வேறெதுவும் இல்லை, நம்ம அரக்குதான். ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் விடும் பிசின். அம்பாசமுத்திரம் மரச்செப்புக்கு அதே அரக்கைத்தான் பூசுவார்கள். கடைசலில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் உருகிப் பிடிக்கும். அங்கே பளபளப்பு அழகு; குழந்தை கையில் புரளும் பொருளுக்குப் பாதுகாப்பும் கூட. ஆக, அரக்கு மேல குத்தமில்லை. எங்கே பூசறோம்ங்கிறதுதான் கேள்வி.

இப்போ சேந்தமங்கலத்துக்கு வருவோம். எங்க வீட்டுப் பரணில் அம்மாயியின் மண் கொலு பொம்மைகள் பதினொன்று இருக்கு. கோந்து கலந்த நிறம், ஓரமெல்லாம் உதிருது. "ஏன் கண்ணு, ஒரு கோட் வார்னிஷ் அடிச்சு புதுசு மாதிரி ஆக்கிடேன்"னு அம்மா கேட்கிறார். யோசிச்சுப் பாருங்க, கிரிஃபித்ஸுக்கு இருந்த அதே ஆசை!

மேட் வார்னிஷ்னா தப்பிச்சுடலாமா? அதில் நுண்ணிய சிலிகா தூள் கலந்திருக்கும். வெளிச்சத்தைச் சிதறடிச்சு பளபளப்பைக் குறைக்கும். ஆனா கனமாப் பூசினால் கறுப்பு நிறம் சாம்பல் பூத்துடும். கொல்லிமலை அடிவாரத்தில் ஐப்பசி ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் வெள்ளையாப் பூக்கவும் வாய்ப்பு அதிகம். தண்ணியில் கரையும் வார்னிஷைப் பிரஷ்ஷால் தடவினால் கோந்து நிறமே கரைஞ்சு வந்துடும்.

அதனால நான் எடுத்த முடிவு இது. நான் புதுசா அக்ரிலிக் அடிக்கிற குட்டி பொம்மைகளுக்கு முதலில் கிளாஸ் ஒரு கோட். அது நல்லா காஞ்ச பிறகு மேலே மெல்லிசா மேட். உடையாமத் தாங்கும், கண்ணும் கூசாது. அம்மாயி பொம்மைகளுக்கு வார்னிஷே வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு, உதிரும் ஓரத்தில் மட்டும் நீர்க்கக் கரைத்த பாராலாய்ட் பி-72 ஒரு துளி. அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பிசின் அது. பல வருடம் கழித்தும் அசிட்டோனில் கரையும், கோந்து நிறமோ அசிட்டோனில் கரையாது.

நாளைக்கு என்னைவிட விவரமானவர் யாராவது அந்தப் பொம்மையைக் கையில் எடுக்கலாம். நான் செய்ததை அவர் கலைத்துவிட்டு நல்லதாகச் செய்ய வழி இருக்கணும். வார்னிஷ் டப்பாவில் நான் முதலில் தேடுவது மேட்டா கிளாஸா என்பதை அல்ல, திரும்ப எடுக்க முடியுமா என்பதைத்தான்.

அம்மாகிட்ட இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. நவராத்திரிக்குள்ள சம்மதிச்சுடுவாங்கன்னு நம்பறேன்.