சுழலும் அறை
ஒரு முழு அறையையே அச்சில் பொருத்தி உருட்டி, ஆட்கள் சுவரிலும் கூரையிலும் நடப்பதாகக் காட்டும் அமைப்பு. அமெரிக்கரான அமரியா லேக் 1893-இல் காப்புரிமை பெற்ற ‘பேய் ஊஞ்சல்’ இதன் முன்னோடி. அதில் ஊஞ்சல் ஏறக்குறைய அசையாது, சுற்றியுள்ள அறைதான் புரளும். உட்கார்ந்திருப்பவரோ தாமே தலைகீழாவதாக உணர்ந்து கம்பியைப் பற்றிக்கொள்வார். காதின் சமநிலை உணர்வைக் கண் எவ்வளவு எளிதில் வென்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

திரைப்படத்தில் கேமராவும் அறையோடு சேர்த்துப் பிணைக்கப்படும். நடிகர் எப்போதும் அடிப்பக்கத்திலேயே நடந்துகொண்டிருப்பார்; பார்வையாளருக்கு அறை நிலையாகவும் நடிகர் கூரையேறுவதாகவும் தெரியும். 1951-இல் வெளிவந்த ஒரு படத்தில் ஹாலிவுட் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டெயர் இப்படி ஆடினார்.

இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) படத்துக்காக அதைத் தயாரித்த நவோதயா நிறுவனம் எஃகில் இத்தகைய அறையைக் கட்டியது. அதில் குழந்தைகள் சுவரேறும் பாடல் கணினி வரைகலையின்றிச் சாதிக்கப்பட்டது என்பது இன்றும் வியப்புக்குரியது.